உலோகங்களின் கடினத்தன்மையை அளவிடும் முறைகள்

உளிக்குத் தோய்ச்சல் வைத்த கொல்லர் அதன் முனைமீது அரத்தை ஒருமுறை இழுத்துப் பார்ப்பது வழக்கம். அரம் பற்றித் துகள் உதிர்ந்தால் தோய்ச்சல் போதவில்லை எனவும், அரம் வழுக்கிச் சென்றால் முனை தக்கவாறு கடினமாகிவிட்டது எனவும் அவர் அறிந்துகொள்கிறார். ஒரு பொருள் மற்றொன்றைக் கீறுமா, கீறாதா என்னும் இவ்வினாவையே அடிப்படையாகக் கொண்டு, ஜெர்மானியக் கனிமவியல் அறிஞரான பிரெடெரிக் மோஸ் 1812-ஆம் ஆண்டில் பத்துக் கனிமங்களை வரிசைப்படுத்தினார். அவ்வரிசையில் மிக மென்மையான டால்க் முதலாவதாகவும் வைரம் பத்தாவதாகவும் அமைந்தன. கனிமங்களைப் பிரித்தறிய இது பெரிதும் உதவும். ஆனால் எஃகு வகைகள் யாவும் இவ்வரிசையில் ஏறத்தாழ 4-க்கும் 8-க்கும் இடையே அடங்கிவிடுவதால், தொழிற்சாலைக்கு இது போதாது.

தொழிற்சாலைக்கு வேண்டுவது நுட்பமான எண். பற்சக்கரத்தின் பல் மென்மையாயின் விரைவில் தேயும். அளவுக்கு மீறிக் கடினமாயின் அதிர்ச்சியில் முறியும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தகுந்த நிலையை எண்ணால் குறிப்பிட வேண்டும். எனினும், கடினத்தன்மை என்பது அடர்த்தியைப்போல் பொருளுக்கே உரிய ஒற்றைப் பண்பன்று. குறிப்பிட்ட வடிவமுள்ள முனையொன்றைக் குறிப்பிட்ட பளுவுடன் அழுத்தும்போது உலோகம் காட்டும் எதிர்ப்பையே நாம் அளக்கிறோம். முனையோ பளுவோ மாறினால் எண்ணும் மாறக்கூடும். இதனை மனத்திற்கொண்டு முக்கியமான மூன்று முறைகளைக் காண்போம்.

பிரினெல் முறை

ஸ்வீடன் நாட்டுப் பொறியியலாளரான யோஹான் ஆகஸ்ட் பிரினெல் தமது முறையை 1900-ஆம் ஆண்டில் வெளியிட்டார். எஃகைச் சோதிக்கையில், 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டு ஒன்று 3000 கிலோகிராம் பளுவுடன் பரப்பின்மீது 10 முதல் 15 விநாடி வரை அழுத்தப்படுகிறது. குண்டை அகற்றியபின் காணப்படும் வட்டக் குழியின் விட்டத்தை, அளவுகோல் பொருத்திய உருப்பெருக்கியால் இரு திசைகளில் அளந்து சராசரி எடுப்பர். பளுவைக் குழியின் வளைபரப்பால் வகுத்துப் பெறுவதே பிரினெல் எண். விட்டம் 4 மில்லிமீட்டராயின் எண் 229 ஆகும். சாதாரண எஃகு வகைகளில் இவ்வெண்ணை 0.35-ஆல் பெருக்கினால், சதுர மில்லிமீட்டருக்கு அது தாங்கும் இழுவிசை கிலோகிராமில் தோராயமாகக் கிடைக்கும். இவ்வுதாரணத்தில் அது ஏறத்தாழ 80. பொருளை இழுத்து முறிக்காமலே அதன் வலிமையை மதிப்பிட முடிகிறது என்பது இம்முறையின் சிறப்பாகும். மிகக் கடினமான எஃகில் எஃகுக் குண்டே நசுங்கிவிடும் என்பதால், இப்போது டங்ஸ்டன் கார்பைடுக் குண்டுகளே பயன்படுகின்றன.

ராக்வெல் முறை

உருப்பெருக்கியில் அளந்து கணக்கிடுவதற்குக் காலம் பிடிக்கும். அமெரிக்காவில் பால் பேரிங் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்த ஹ்யூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் என்னும் இருவர் 1914-இல் வேறொரு கருவிக்குக் காப்புரிமை கோரினர். இதில் அளக்கப்படுவது குழியின் அகலமன்று, ஆழம். முதலில் 10 கிலோகிராம் முன்பளு ஏற்றப்படுகிறது. பின்னர் முதன்மைப் பளு சேர்க்கப்பட்டு நீக்கப்படுகிறது. எஞ்சி நிற்கும் ஆழம் எண்ணாக மாறி முகப்பில் தெரிகிறது. கடின எஃகுக்குரிய 'சி' அளவையில் 120 பாகைக் கோணமுள்ள வைரக் கூம்பும், மொத்தம் 150 கிலோகிராம் பளுவும் பயன்படும். ஒவ்வொரு 0.002 மில்லிமீட்டர் ஆழத்திற்கும் 100-இலிருந்து ஓர் எண் கழிக்கப்படுகிறது. எனவே 'சி' 60 என்பது 0.08 மில்லிமீட்டர் ஆழத்தைக் குறிக்கும். மென்மையான உலோகங்களுக்குரிய 'பி' அளவையில் சிறு குண்டும் 100 கிலோகிராம் பளுவும் பயன்படுகின்றன.

விக்கர்ஸ் முறை

பிரிட்டனில் விக்கர்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்மித், சாண்ட்லண்ட் ஆகிய இருவர் 1921-இல் இம்முறையை வகுத்தனர். இதில், எதிரெதிர் முகங்களுக்கிடையே 136 பாகைக் கோணமுள்ள சதுர அடி வைரக் கூர்ங்கோபுரம் அழுத்தப்படுகிறது. பதிவது ஒரு சிறு சதுரம். பளுவை மூலைவிட்டத்தின் வர்க்கத்தால் வகுத்து 1.854-ஆல் பெருக்க வேண்டும். பளு 30 கிலோகிராம், மூலைவிட்டம் 0.3 மில்லிமீட்டர் எனில் எண் 618. குழியின் ஆழம் மூலைவிட்டத்தில் ஏழில் ஒரு பங்கே, அதாவது சுமார் 0.043 மில்லிமீட்டரே. மென்மையான ஈயம் முதல் மிகக் கடினமான எஃகு வரை ஒரே முனையால் சோதிக்கலாம். ஆயினும் பரப்பை நன்கு மெருகேற்றியாக வேண்டும்.

எதற்கு எம்முறை?

வார்ப்பிரும்பில் கிராபைட்டுத் துணுக்குகள் இடையிடையே பரவிக் கிடக்கின்றன. விக்கர்ஸ் முனை அத்தகைய துணுக்கின்மேல் இறங்கினால் எண் தவறாகும். பிரினெல் குண்டின் பெரிய குழியோ அனைத்தையும் சேர்த்துச் சராசரி காட்டும். பற்றவைத்த எஃகில் நிலைமை நேர்மாறானது. பற்றவைப்பை ஒட்டியுள்ள குறுகிய பட்டை, வெப்பமேறி விரைவில் குளிர்வதால் கடினமாகி, வெடிப்பு விடக்கூடும். பிரினெல் குழி இப்பட்டையையும் அருகிலுள்ள மென்மையான பகுதியையும் ஒன்றாகக் கலந்து, ஆபத்தை மறைத்துவிடும். அங்கே சிறு பளுவுடன் கூடிய விக்கர்ஸ் சோதனையே ஏற்றது.

மேற்பரப்பு மட்டும் 0.5 மில்லிமீட்டர் ஆழத்திற்குக் கடினமாக்கப்பட்ட பற்சக்கரத்தைக் கருதுக. ராக்வெல் வைரக் கூம்பிற்கு, குழியின் ஆழத்தைப்போல் பத்து மடங்கேனும் கனம் வேண்டும் என்பது விதி. 'சி' 60-க்கு அது 0.8 மில்லிமீட்டர். ஆகவே 'சி' அளவையில் உள்ளிருக்கும் மென்மையான பகுதி குழிய, எண் குறைந்து காட்டும். நல்ல சக்கரம் பழுதெனத் தள்ளப்படும்.

பாலத்தின் உத்தரம் போன்ற பெரும் பொருள்களை இயந்திரத்திடம் கொண்டுவர இயலாது. இவற்றிற்கு, சிறு பொருளொன்றை மோதவிட்டு அது மீளும் வேகத்தை அளக்கும் கையடக்கக் கருவிகள் உள்ளன. சோதிக்கும் பொருள் கனமாகவும் அசையாமலும் இருத்தல் இவற்றுக்கு இன்றியமையாதது.

எண்ணை எழுதும் முறை

ஒரே எஃகு பிரினெல் முறையில் 229 எனவும், விக்கர்ஸ் முறையில் ஏறத்தாழ 240 எனவும், ராக்வெல் 'பி'-யில் ஏறத்தாழ 98 எனவும், 'சி'-யில் ஏறத்தாழ 20 எனவும் காட்டும். வரைபடத்தில் 'கடினத்தன்மை 60' என்று மட்டும் எழுதியிருந்தால் பயனில்லை. 'சி' 60 என்பது அரமும் பற்றாத எஃகு. 'பி' 60 என்பது எளிதில் அராவக்கூடிய மென்மையான எஃகு. மாற்று அட்டவணைகள் தோராயமானவையே; எஃகுக்கு வகுத்த அட்டவணை பித்தளைக்குப் பொருந்தாது.

இந்தியாவில் பிரினெல் சோதனைக்கு 1500, விக்கர்ஸ் சோதனைக்கு 1501, ராக்வெல் சோதனைக்கு 1586 ஆகிய எண்களைக் கொண்ட இந்தியத் தர ஆவணங்கள் உள்ளன. கருவியை, மதிப்புத் தெரிந்த சோதனைக் கட்டையின்மீது அவ்வப்போது சரிபார்த்தலும், ஒரு குழிக்கு மிக அருகில் மற்றொன்றைப் பதியாதிருத்தலும் அவசியம். முறை, முனை, பளு ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதப்பட்ட எண்ணே முழுமையானது. அவற்றை விடுத்த எண், அலகைக் கூறாத நீளத்தைப் போன்றதாகும்.