மலை தாண்டி வரும் புயல்: ஏரவாடா பிள்ளைகளுக்கு

மழைக்கு முன்னால் நம் குடியிருப்பில் ஆபத்துக் கணக்கு எடுக்கக் கிளம்பியிருக்கிறீர்கள். முப்பது மழைக்காலத்தை இங்கே பார்த்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

1. ‘கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால், நடுவில் சஹ்யாத்ரி மலை, நமக்கேது புயல்?’ என்று யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள். 2020 ஜூன் 3 அன்று நிசர்கா புயல் அலிபாக்குக்குத் தெற்கே கரையேறியபோது காற்று மணிக்கு 110 கிலோமீட்டர். மலையேறி வருவதற்குள் வேகம் தணிந்தது உண்மைதான். தணிந்த அந்தக் காற்றுக்கே புனேயில் மரங்கள் சாய்ந்தன. எதிர் வீட்டுக் கூரைத் தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு வந்து எங்கள் வாசற்படியில் விழுந்தது. ஊரடங்கு நாள் என்பதால் தெருவில் பிள்ளைகள் இல்லை.

2. முதலில் மொட்டை மாடிக்கு ஏறுங்கள். தகரத்தின் மேல் கல் ஏற்றியிருந்தால், காற்றில் கல்லும் சேர்ந்து வரும். போல்ட் போட்டு முடுக்கச் சொல்லுங்கள். காலி சின்டெக்ஸ் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைக்கவேண்டும்.

3. குல்மொஹர் மரத்தின் அடியைப் பாருங்கள். வேரைச் சுற்றிச் சிமென்ட் பூசியிருக்கிறதா, ஒரு பக்கம் மண் விண்டிருக்கிறதா? மரத்தையே வெட்டச் சொல்லி மனு எழுதாதீர்கள். கிளை கழிக்க மாநகராட்சியிடம் கேளுங்கள்.

4. இனி தண்ணீர். கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊருக்குப் புயல் மழையாகத்தான் வந்து சேரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெங்கல் புயல் தமிழ்நாட்டு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் போனார்கள். நமக்கு முளா-முட்டா ஆறு இருக்கிறது. கடக்வாஸ்லா அணையில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்று மட்டும் கேட்டால் பாதிக் கணக்குதான். முள்ஷி, பவனா அணைகளின் தண்ணீரும் முளா வழியாகச் சங்கமத்துக்கு வந்துதான் நம்மைத் தாண்டிப் போகிறது. மூன்றையும் எழுதுங்கள். நீர்வளத் துறையின் வரைபடத்தில் நீலக் கோடு 25 வருட வெள்ளம், சிவப்புக் கோடு 100 வருட வெள்ளம். சாந்திநகர்ப் பக்கம் தாழ்ந்த வீடுகளில் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பாட்டிமார்களிடம் தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்று கேளுங்கள். அந்தப் படியில் பெயின்டால் கோடு போட்டுவிடுங்கள். 1961 ஜூலை 12 அன்று பான்ஷேத் அணை உடைந்த கதையை இங்கே இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவசரப்படாமல் உட்கார்ந்து கேளுங்கள்.

5. காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய தகரக் குடிசைகளைக் கணக்கில் விடாதீர்கள். 2019 ஜூன் 29 அன்று கோந்த்வாவில் மழையில் ஒரு சுவர் சரிந்து, அதன் கீழே தூங்கிய கூலிக் குடும்பங்களில் 15 பேர் செத்தார்கள். சுவர் உப்பியிருந்தால், அன்றைக்கே அவர்களிடம் சொல்லுங்கள். அறிக்கை தயாராகும் வரை காத்திருக்கக் கூடாது.

6. முழங்கால் தண்ணீரில் இறங்குமுன் மெயின் சுவிட்ச் அணைந்ததா என்று பாருங்கள். 2024 ஜூலையில் டெக்கான் பக்கம் தள்ளுவண்டியைக் காப்பாற்றப் போன மூன்று இளைஞர்கள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். உங்கள் வயசுதான்.

7. படியேற முடியாதவர், படுக்கையில் இருப்பவர், பிள்ளைத்தாய்ச்சி: இவர்கள் எந்த வீடு, எத்தனையாவது மாடி, யார் தூக்குவது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு பண்ட் கார்டன் பாலத்தடியில் நிற்பேன். ஆற்றோரம் நடக்கவேண்டும், ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள்.