சார்ஜிங் கேபிளுக்கு முதலில் ஒரு கொக்கி அடி, தங்கச்சி!

எலெக்ட்ரிக் கார் வாங்குவது என்று முடிவானதும் கலர், நம்பர், பூஜை எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். கூடவே வரும் சார்ஜிங் கேபிளை எங்கே வைப்பது என்று மட்டும் யோசிப்பதில்லை. முதல் வாரம் அது போர்ட்டிகோ மூலையில், செருப்பு ஸ்டாண்டுக்கும் துடைப்பத்துக்கும் நடுவே கிடக்கும். கொஞ்ச நாளில் அதுவே அதன் நிரந்தர இடமாகிவிடும். தங்கச்சி, அந்தக் கேபிள் உன் வீட்டு வயரிங்கின் ஒரு பகுதி. இரவு முழுக்க, ஏழெட்டு மணி நேரம், பதினாலு பதினைந்து ஆம்பியர் கரண்ட் அதற்குள் ஓடுகிறது. வீட்டு கீசர்கூட அவ்வளவு நேரம் விடாமல் ஓடாது. அதனால் அதற்கு ஒரு நல்ல இடம் பார்த்துக் கொடுப்பது கார் வருவதற்கு முன்பே முடிய வேண்டிய வேலை.

உன்னிடம் இருப்பது எது என்று முதலில் பார். காரோடு கொடுக்கும் போர்ட்டபிள் சார்ஜர் என்றால், ஒரு முனையில் பெரிய மூன்று பின் பிளக், கொஞ்சம் தள்ளி ஒரு பெட்டி, மறு முனையில் காரில் சொருகும் கன். இது சுமார் 3.3 கிலோவாட். சுவரில் பொருத்திய 7.2 கிலோவாட் பாக்ஸ் என்றால் 32 ஆம்பியர் வரை போகும். கேபிளும் தடிமன், கனமும் அதிகம். பாக்ஸ் பொருத்த வருகிறவர்கள் கன் ஹோல்டரையும் மாட்டிவிட்டுப் போவார்கள். ஆகவே கவலை அதிகம் வேண்டியது போர்ட்டபிள் சார்ஜருக்குத்தான்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது தண்ணீரை நினைத்துக்கொள். நம் வீடுகளில் காலையில் வாசல் தெளிக்கிறோம், வெள்ளிக்கிழமை போர்ட்டிகோவைக் கழுவிவிடுகிறோம். தரையில் கிடக்கும் கேபிள் தினம் நனையும். ஐப்பசி, கார்த்திகை மழை நேராக விழாது, சாய்ந்து அடிக்கும். கூரை இருக்கிறது என்று நம்பாமல், மழை அடிக்கும்போது சுவர் எவ்வளவு உயரம் வரை நனைகிறது என்று ஒரு தடவை நின்று பார். சென்னையில் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் இருப்பவர்களுக்கு 2015 டிசம்பரும் 2023 மிக்ஜாம் புயலும் நினைவில் இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் பிளக் பாயின்ட், சார்ஜர் பெட்டி இரண்டையும் அன்றைக்கு வெள்ளம் நின்ற தடத்துக்கு மேலே வைப்பதுதான் சரி. ஒரு தடவை தண்ணீருக்குள் முங்கிய பெட்டியை வெயிலில் காயவைத்துத் திரும்ப மாட்டவே கூடாது. சர்வீஸ் சென்டரில் காட்டிய பிறகுதான் மற்றது.

மேற்குப் பார்த்த சுவரையும் தவிர்த்துவிடு. மதிய வெயிலில் வெந்த பெட்டி, சாயங்காலம் சார்ஜ் போட்டதும் இன்னும் சூடாகும். சில சார்ஜர்கள் சூடு தாங்காமல் தாமாகவே கரண்டைக் குறைத்துக்கொள்ளும், அல்லது நின்றுவிடும். காலையில் எழுந்து பார்த்தால் பாதி சார்ஜ்தான் ஏறியிருக்கும்.

எலியும் சுவர் ஓரமாகத்தான் ஓடும். தரையும் சுவரும் சேரும் மூலையில் கேபிளைப் போட்டால் அதன் பாதையிலேயே போடுகிறாய். சாக்கு, பழைய துணி எதிலும் கேபிளைச் சுற்றி வைக்காதே, எலிக்கு அது மெத்தை. முழங்கால் உயரத்துக்கு மேல் தொங்கினாலே பாதித் தொல்லை ஒழியும்.

இனி கொக்கிக்கு வருவோம். ஒற்றை ஆணி அடித்து அதில் மாட்டாதே. முழுக் கனமும் ஒரே புள்ளியில் அழுத்தும், அந்த இடத்தில் கேபிள் மடிந்துபோகும். தோட்டத்து ஓஸ் பைப் மாட்டும் வளைந்த ஸ்டாண்ட் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். குறைந்தது உள்ளங்கை அகலம் இருக்கட்டும். ராவல் பிளக் வைத்து ஸ்க்ரூ போட்டு இறுக்கச் சொல். பக்கத்திலேயே இரண்டாவது கொக்கி ஒன்று, இது சார்ஜர் பெட்டிக்கு. இந்த இரண்டாவது கொக்கியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் முதல் கொக்கியைவிட முக்கியம்.

ஏன் என்று சொல்கிறேன். பெட்டியைத் தாங்க எதுவும் இல்லையென்றால் அது பிளக்கிலிருந்து அப்படியே தொங்கும். பிளக் மெல்ல முன்பக்கம் சாயும். சாக்கெட்டுக்குள் பின்னைப் பிடித்திருக்கும் பித்தளைத் தகடு நாளாக ஆகத் தளரும். பிடி தளர்ந்த இடத்தில் சூடு பிறக்கும், சூடு தகட்டை இன்னும் தளர்த்தும். சந்தேகமாக இருந்தால் சார்ஜ் முடிந்ததும் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பின்களைப் பார். மூன்றில் ஒன்றின் அடியில் பழுப்பாக ஒரு வளையம், அதைச் சுற்றி பிளாஸ்டிக் லேசாக மினுமினுப்பு இழந்து உப்பியிருந்தால், சாக்கெட் போய்விட்டது என்று அர்த்தம். சாக்கெட்டை மாற்றினால் போதாது, பிளக்கின் பின்னையும் காட்ட வேண்டும். பெட்டியைத் தனிக் கொக்கியில் மாட்டி, அதற்கும் பிளக்குக்கும் நடுவே கேபிள் தொய்வாக இருந்தால் இந்தத் தொல்லை வராது.

கேபிளைச் சுற்றும் விதமும் உண்டு. உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவே கொடிக்கயிறு சுற்றுவதுபோல் இறுக்கிச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் கேபிளுக்கு ஒரு முறுக்கு ஏறும். சில மாதத்தில் அது நேராகவே படுக்காது, உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகள் ஒவ்வொன்றாக அறும். இடது கையில் பிடித்துக்கொண்டு ஒன்றரை அடி அகலத்துக்குப் பெரிய வளையமாகப் போடு. முதல் வளையம் சாதாரணமாக. அடுத்த வளையத்துக்கு வலது மணிக்கட்டை உள்பக்கம் திருப்பி, கேபிள் முதல் வளையத்துக்கு அடியில் வரும்படி போடு. மறுபடி சாதாரணம், மறுபடி திருப்பு. கச்சேரி மேடைகளில் சவுண்ட் இன்ஜினியர்கள் மைக் ஒயரை இப்படித்தான் சுற்றுவார்கள். ஒன்றின் முறுக்கை அடுத்தது எடுத்துவிடும். பிரிக்கும்போது சிக்கு விழாது. கட்டுவதற்கு வெல்க்ரோ பட்டை போதும். பிளாஸ்டிக் டை வேண்டாம், அது கேபிளின் தோலில் பதியும்.

சுற்றுவது கேபிளை எடுத்து வைக்கும்போது மட்டும். சார்ஜ் போடும்போது முழுவதையும் பிரித்துவிடு. பாதி நீளம் கொக்கியில் சுருட்டியபடியே இருக்க மீதியை இழுத்துக் காரில் சொருகும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் 15 ஆம்பியர் ஓடினால் மீட்டருக்குச் சுமார் மூன்றரை வாட் சூடு உண்டாகும். ஐந்து மீட்டர் கேபிளுக்கு பதினேழு, பதினெட்டு வாட். பரவிக் கிடந்தால் காற்று அதை எடுத்துப் போய்விடும். ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டிருந்தால் நடுவில் உள்ள சுற்றின் சூட்டுக்குப் போக்கிடம் இல்லை. விடியும் வரை அது அங்கேயே ஏறிக்கொண்டிருக்கும். பிரித்த கேபிளும் நடக்கும் வழியில் குறுக்கே கிடக்க வேண்டாம், ஒரு பக்கமாக ஒதுக்கிவிடு. ஆட்டோமேட்டிக் கேட் இருக்கும் வீட்டில் அதன் தடத்தில் கேபிள் விழாமல் பார்த்துக்கொள். நீளம் பத்தவில்லை என்று எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போடவே போடாதே, இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. காருக்குப் பக்கத்தில் தனி எம்சிபி (லோடு மீறினால் விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்), சரியான எர்த்தோடு ஒரு பாயின்ட் இழுத்துத் தர எலக்ட்ரீஷியனிடம் சொல். எர்த் சரியில்லை என்றால் பெரும்பாலான சார்ஜர்கள் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சார்ஜே ஏற்றாது.

கன்னின் வாயைப் பார்த்தாயா? டைப் 2 கன்னில் ஏழு ஓட்டைகள். ஐந்து கரண்டுக்கும் எர்த்துக்கும். மேலே இருக்கும் சின்ன இரண்டும் காரும் சார்ஜரும் பேசிக்கொள்ள. அந்தப் பேச்சு முடிந்தால்தான் கன்னில் கரண்ட் வரும். அந்தச் சின்ன ஓட்டையில் தூசி அடைத்தாலோ, குளவி மண்கூடு கட்டினாலோ சார்ஜ் ஏறாது, நீ காரைச் சந்தேகப்படுவாய். எடுத்த கையோடு ரப்பர் மூடியைப் போட்டு, வாய் கீழ்ப்பக்கம் பார்க்கும்படி மாட்டு. மூடி தொலைந்திருந்தால் உடனே வேறு வாங்கு. துடைக்க உலர்ந்த துணி. வாயால் ஊதாதே, ஈரம் உள்ளே போகும். சுலபமாகச் சொருகத் தேங்காய் எண்ணெய் தடவு என்று யாராவது சொன்னால் கேட்காதே, எண்ணெய் தூசியைப் பிடித்துவைக்கும்.

கழற்றுவதற்கும் வரிசை இருக்கிறது. முதலில் காரை அன்லாக் செய்து கன்னை எடு, பிறகு சுவிட்சை அணை, கடைசியில் பிளக். கன் வரவில்லை என்றால் இழுக்காதே, லாக் இன்னும் விடவில்லை.

வெளியூர் போகும்போது போர்ட்டபிள் சார்ஜரை டிக்கியில் போடுவாய். அதன் பையிலேயே, வளையம் கலையாமல், மேலே அரிசி மூட்டை ஏறாமல் வை. அம்மா வீட்டுக்குப் போனால் மோட்டார் பாயின்ட்டில் சொருகிவிடலாம் என்று நினைக்காதே. பழைய வீட்டு வயரிங் இரவு முழுக்க இந்த லோடைத் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனை ஒரு தடவை பார்க்கச் சொல்லிவிட்டால் பிறகு எப்போது போனாலும் நிம்மதி.

அபார்ட்மென்ட்டில் ஸ்டில்ட் பார்க்கிங் என்றால் கேபிளைக் கீழேயே விடாமல் மேலே எடுத்து வந்துவிடு. தூக்கச் சிரமமாக இருந்தால், உன் தூணிலேயே காற்றோட்டத் துளையும் பூட்டும் உள்ள இரும்புப் பெட்டி மாட்ட அசோசியேஷனிடம் எழுதிக் கேள். ஸ்கூட்டர் சார்ஜருக்கும் இதே கவனம் வேண்டும். சார்ஜ் முடிந்து அது கொதித்துக்கொண்டிருக்கும்போதே சீட்டுக்கு அடியில் வைத்து மூடாதே.

இபி ரீடிங் எடுக்க ஆள் வரும் நாளைக் கேபிளைச் சோதிக்கவும் கணக்கு வைத்துக்கொள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கேபிளை முழு நீளத்துக்கும் கையால் தடவிப் பார்: பல் பட்ட தடம், வெடிப்பு, கெட்டியாகிப்போன இடம். கொக்கி ஸ்க்ரூ ஆடுகிறதா, ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் டக்கென்று விழுகிறதா என்றும் பார். தோல் கிழிந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டி ஓட்டாதே, மாற்றிவிடு. பின்னில் பழுப்பு தெரிந்தாலோ கருகல் வாசனை வந்தாலோ அன்றைக்கே நிறுத்து. எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை வெளியே சார்ஜிங் ஸ்டேஷனில் போட்டுக்கொள்.