போர்டோடு பேசப் போகும் தங்கச்சிக்கு அக்காவின் 8 டிப்ஸ்

எவாலுவேஷன் போர்டை அமிர்திக்கு எடுத்து வந்து, நம் வீட்டுத் திண்ணையில் வைத்து லேப்டாப்பில் சொருகிய அன்றைக்கு நீ கேட்டாய்: "ஸ்கிரீனில் பட்டனை அழுத்தினாலே வேலை நடக்குதே, கமாண்ட் எதுக்குக்கா?" ஒரு தடவைக்குப் பட்டன் போதும், கண்ணு. அதே ரீடிங்கை அடுத்த வாரமும் எடுக்க, எதை எந்த வரிசையில் அழுத்தினாய் என்று ஞாபகம் வேண்டும். கமாண்டுகளை ஸ்கிரிப்ட்டாக எழுதி வைத்தால், அந்த வரிசை அதிலேயே இருக்கும்.

1. வீட்டுக்குக் கிளம்பும் முன் வேலூரிலேயே டவுன்லோட் செய்துகொள். நம் வீட்டு சிக்னலை நம்பி வராதே. போர்டின் மேனுவல், பைத்தானுக்கான பைசீரியல், யுஎஸ்பி சிப்பின் டிரைவர் மூன்றும் கையில் இருக்கட்டும். சிப் சிஎச்340-ஆ, சிபி2102-ஆ என்று போர்டின் மேலேயே பார்த்துவிடு.

2. எந்த காம் போர்ட் என்று ஊகிக்காதே. கேபிளைப் பிடுங்கிச் சொருகு. லிஸ்ட்டில் மறைந்து திரும்ப வருவதுதான் உன்னுடையது. லினக்ஸில் அனுமதி இல்லை என்று வந்தால், பல சிஸ்டங்களில் உன் பெயரை டயல்அவுட் குரூப்பில் சேர்த்து, லாக்அவுட் செய்து திரும்ப உள்ளே வந்தால் சரியாகும்.

3. குப்பை எழுத்து வந்தால் சீரியல் வேகத்தை, அதாவது பாட் ரேட்டைப் பார். நிறைய போர்டுகளுக்கு 115200. சென்னை ஐஐடியின் சக்தி ப்ராசஸரை ஆர்ட்டி போர்டில் ஏற்றிப் பழகும்போது 19200. பதிலே வரவில்லையா? கமாண்டின் கடைசியில் சிஆர் வேண்டுமா, எல்எஃப் வேண்டுமா, இரண்டுமா என்று மேனுவலில் தேடு.

4. முதலில் பேர் கேள். லேப் கருவிகளுக்கு 1990-இல் வந்த எஸ்சிபிஐ முறையில், ஸ்டார் போட்டு ஐடிஎன், பிறகு கேள்விக்குறி. கம்பெனி, மாடல், சீரியல் நம்பர், ஃபர்ம்வேர் வெர்ஷன் நான்கும் வரும். உன் போர்டுக்கு வேறு கமாண்ட் இருக்கலாம். எதுவானாலும் அந்தப் பதில்தான் உன் லாக் ஃபைலின் முதல் வரி.

5. எழுதியதைத் திரும்பப் படி. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு ராத்திரி இங்கே கரண்ட் போய் உடனே வந்தது. லேப்டாப் பேட்டரியில் ஓடியது. அடாப்டரில் இருந்த போர்டு அணைந்து, பழைய டிஃபால்ட் செட்டிங்கோடு எழுந்துகொண்டது. ஸ்கிரிப்ட்டுக்கு அது தெரியாது. விடியும்வரை ரீடிங் வந்துகொண்டே இருந்தது, அத்தனையும் தப்பு. இப்போதெல்லாம் ஒவ்வொரு சுற்றிலும் முக்கியமான ரெஜிஸ்டரைப் படித்து, நான் எழுதிய மதிப்புதானா என்று பார்க்கிறேன். மாறியிருந்தால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும்.

6. டைம்அவுட் வை. பதில் வராவிட்டால் இரண்டு விநாடியில் விட்டு, எந்தக் கமாண்டில் நின்றது என்று எழுதச் சொல். கண்ணை மூடிக்கொண்டு ஸ்லீப் போடுவதைவிட, போர்டின் பதிலுக்குக் காத்திருப்பது நல்லது.

7. அணைக்கும் வரியை பைத்தானின் ஃபைனலி பிளாக்கில் போடு. ஸ்கிரிப்ட் நடுவில் எரர் அடித்தாலும் அவுட்புட் ஆஃப் ஆகவேண்டும். ஆனால் 3.3 வோல்ட் பின்னில் 5 வோல்ட் கொடுத்தால் எந்த ஸ்கிரிப்ட்டும் காப்பாற்றாது. மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு ஒயரை மாட்டு.

8. கையால் அடித்துப் பார், பிறகு ஃபைலில் சேர். சக்தி போர்டை டீபக் செய்ய உதவும் ஓப்பன்ஓசிடி, டிசிஎல் மொழியில் கமாண்ட் வாங்கும். ஹால்ட், ரெஸ்யூம் என்று ஒவ்வொன்றாக அடித்து, நடந்ததை மட்டும் ஃபைலில் வரிசையாக எழுது. சொந்தமாகப் பழக ராஸ்பெர்ரி பை பைக்கோ போதும். மைக்ரோபைத்தான் ஏற்றினால் அடிக்கும் வரிக்கு அங்கேயே பதில் சொல்லும்.

எல்லாம் முடிந்ததும், ஃபைலை உன் லேப் தோழியிடம் கொடுத்துவிட்டு நீ தள்ளி உட்கார். உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவளுக்கும் அதே ரீடிங் வரட்டும். அன்றைக்கு எனக்கு போன் பண்ணு.