போர்வையில் சிக்குக் கோலம்

கேள்வி: உறையூரில் வீட்டிலிருந்தே பிளவுஸ், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். என்னுடையது மோட்டார் பொருத்திய பழைய கறுப்பு மெஷின். துணியைக் கையால் நகர்த்தி, போர்வை முழுக்கக் கொடியும் பூவுமாகத் தைக்கிற ‘ஃப்ரீ மோஷன் குயில்டிங்’ மீது ஆசை வந்து, பிரஷர் ஃபுட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். அடியில் நூல் கொத்தாகச் சுருண்டுகொள்கிறது. தையலும் ஓரிடத்தில் பொடிப்பொடியாக, இன்னோரிடத்தில் நீளநீளமாக விழுகிறது. இதற்கென்று தனி மெஷின் வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகி, உறையூர்

பதில்: வேண்டாம், சகோதரி. உங்கள் மெஷினே போதும்.

அடியில் நூல் சுருண்டால் எல்லோரும் பாபினைத்தான் சந்தேகப்படுவார்கள். கோளாறு பெரும்பாலும் மேல்நூலில் இருக்கும். பிரஷர் ஃபுட்டைக் கழற்றியதும், அதை இறக்குகிற லீவரை நாம் மறந்துவிடுகிறோம்; ஃபுட்டே இல்லாதபோது எதை இறக்குவது என்று தோன்றும். ஆனால் அந்த லீவர் இறங்கினால்தான் டென்ஷன் தட்டுகள் இரண்டும் சேர்ந்து நூலைப் பிடிக்கும். லீவர் மேலே நின்றால் மேல்நூல் பிடிப்பின்றி ஓடி அடியில் குவிந்துவிடும். ஆகவே ஃபுட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் லீவரை இறக்குங்கள். தொடங்கும்போது வீலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, பாபின் நூலை மேலே எடுத்து, இரண்டு நூலையும் விரலால் பிடித்தபடி அதே இடத்தில் மூன்று நான்கு தையல் போட்டுவிட்டு நகருங்கள். கொத்து விழாது.

ரிங் மாட்டி மெஷின் எம்ப்ராய்டரி போடுகிறவர்களுக்கு இதெல்லாம் கைப்பழக்கம். நம் ஊர்த் தையல் வகுப்புகளில் நெடுநாளாகச் சொல்லிக்கொடுப்பதும் இதே வேலைதான். வித்தியாசம் ஒன்று உண்டு. ரிங் துணியை இறுக்கிப் பிடித்திருக்கும். மூன்று அடுக்குப் போர்வையை அப்படிப் பிடிக்க ஆளில்லை. ஊசி மேலே போகும்போது துணியும் கூடவே எழும்பும், தையல் விட்டுப்போகும். அதனால் ஸ்பிரிங் வைத்த டார்னிங் ஃபுட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உங்களிடம் இருக்கும் பிரஷர் ஃபுட்டைக் கடைக்குக் கொண்டுபோய், உயரம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. டார்னிங் ஃபுட் விரலுக்கும் பாதுகாப்பு.

அடியிலிருந்து துணியை இழுக்கும் பல்லை இறக்கும் திருகு சில மாடல்களில் உண்டு; இருந்தால் இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் தையல் நீளத்தைச் சுழியத்தில் வையுங்கள். பல் ஏறி இறங்கும், துணியை இழுக்காது.

இனி தையல் நீளம். பல் இழுக்காதபோது நீளத்தைத் தீர்மானிப்பது உங்கள் கையும் காலும் சேர்ந்துதான். கை வேகமாக ஓடினால் நீளம், தயங்கினால் பொடி. வளைவு வந்ததும் பலர் கையை வெடுக்கென்று திருப்பிவிடுவார்கள். அந்த இடத்தில் அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்கும். வளைவில் கையை நிதானப்படுத்துங்கள், மிதி மட்டும் ஒரே சீராக ஓடட்டும். என் யோசனை, உங்கள் மெஷினில் கால் மிதியும் இருந்தால், கற்றுக்கொள்ளும் வரை மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அதில் ஓட்டுங்கள். மிதியின் தாளத்துக்குக் கை சீக்கிரம் பழகும். ஓர் அங்குலத்துக்குப் பத்துத் தையல் சீராக விழுந்தால் அழகு.

நடு அடுக்குக்கு இலவம்பஞ்சு கூடாது. தையலுக்குள் நிற்காமல் வழுக்கி, ஒரு மூலையில் திரண்டுவிடும். பாலியெஸ்டர் பஞ்சும் திருச்சி வெயிலுக்கு ஆகாது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்திப் புடவையோ வேட்டியோ போதும். மேல்துணியையும் பருத்தியிலேயே எடுங்கள். புதுத் துணியை முதலில் அலசிச் சாயம் போகிறதா என்று பாருங்கள். மூன்றையும் சுருக்கமில்லாமல் விரித்து, ஒரு கை அகலத்துக்கு ஓர் ஊக்கு குத்தி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தையுங்கள்.

டிசைனுக்கு வெளியே எங்கும் தேட வேண்டாம். மார்கழியில் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதி, உத்திர வீதிப் பக்கம் ஒரு காலை நடந்து வாருங்கள். ஃப்ரீ மோஷனுக்கு வேண்டியது நூலை அறுக்காமல் ஓடும் கோடு. புள்ளிகளைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவரும் சிக்குக் கோலம் அதற்கென்றே அமைந்தது போலிருக்கிறது. எல்லாச் சிக்குக் கோலமும் ஒரே கோட்டில் முடியாது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் மற்றவர்களும் 1970-களில் கோலங்களைக் கணிதமாகவே ஆராய்ந்தார்கள் என்றால், அந்தக் கோடுகளுக்குள் எவ்வளவு கணக்கு இருக்கிறது பாருங்கள். ஒரே கோட்டில் முடிகிற சின்னக் கோலமாக எடுத்து, பென்சிலைத் தூக்காமல் காகிதத்தில் திரும்பத் திரும்பப் போடுங்கள். வழி கைக்குப் பழகிய பிறகு, ஓர் அடிச் சதுரத் துண்டில் சாக்பீஸால் புள்ளி மட்டும் வைத்துக்கொண்டு ஊசியை ஓட்டுங்கள். கோலம் முழுக்க நெருக்கம் ஒரே அளவில் இருக்கட்டும். இங்கே நெருக்கமும் அங்கே வெற்றிடமுமாக விட்டால் துணி உப்பிக்கொள்ளும்.

உங்கள் மெஷினில் உண்மையிலேயே ஓர் இடைஞ்சல் உண்டு. ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவே இடம் குறைவு. இரட்டைக் கட்டில் போர்வையைச் சுருட்டி அதற்குள் நுழைக்க முடியாது. அதற்கும் மெஷினை மாற்ற வேண்டியதில்லை. ஓர் அடிச் சதுரங்களாகத் தனித்தனியே கோலம் தைத்து முடித்து, பிறகு சேர்ப்புகளை இரு பக்கமும் துணிப்பட்டியால் மூடி ஒன்றாக இணைத்துவிடலாம்.