டர்போ காரில் பூஸ்ட் பதிவு: அழுத்த சென்சாரின் அளவுத்திருத்தம் – முக்கியக் குறிப்புகள்

● பூஸ்ட் = இன்டேக் மேனிஃபோல்டின் தனி அழுத்தம் − அந்த இடத்து வளிமண்டல அழுத்தம். இதில் கோட்டைவிட்டால் பின்னால் வரும் கணக்கெல்லாம் தவறும். முழு வெற்றிடத்தைச் சுழியாகக் கொண்டு அளப்பது தனி அழுத்தம்; சுற்றியுள்ள காற்றைச் சுழியாகக் கொண்டு அளப்பது கேஜ் அழுத்தம்.

● 1 பார் = 100 கிலோ பாஸ்கல் = 14.5 பி.எஸ்.ஐ. கடல் மட்டத்தில் திட்ட வளிமண்டல அழுத்தம் 101.325 கிலோ பாஸ்கல்.

● டர்போசார்ஜர் காப்புரிமை: 1905, சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பியூஹி. ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவர்லே கோர்வேர் மோன்ஸா ஆகிய டர்போ கார்கள் விற்பனைக்கு வந்தது 1962.

● சென்சாருக்குள் இருப்பது சிலிக்கான் சவ்வு. அழுத்தத்தில் அது வளையும்போது மின்தடை மாறுகிறது; பல சென்சார்களில் வீட்ஸ்டன் சமனச்சுற்று அதை வோல்ட்டாக்கித் தருகிறது. சிலிக்கானில் இவ்விளைவைக் கண்டு எழுதியவர் சார்லஸ் ஸ்மித், 1954.

● எடுத்துக்காட்டாக எம்.பி.எக்ஸ். 4250 ஏ சென்சாரை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். மோட்டோரோலா உருவாக்கியது, பின்னர் என்.எக்ஸ்.பி. வசம் வந்தது. வரம்பு 20 முதல் 250 கிலோ பாஸ்கல் (தனி).
வெளியீடு = வழங்கு மின்னழுத்தம் × (0.004 × அழுத்தம் − 0.04).
5 வோல்ட் கொடுத்தால் 101.3 கிலோ பாஸ்கலுக்கு 1.83 வோல்ட், 200க்கு 3.8 வோல்ட். சாய்வு, கிலோ பாஸ்கலுக்கு 20 மில்லி வோல்ட்.

● முதல் சோதனை: சாவியை ஆன் செய்து, இன்ஜினை இயக்காமல் அளவைப் பாருங்கள். அன்றைய உள்ளூர் வளிமண்டல அழுத்தம்தான் வர வேண்டும். இங்கே பலர் தடுமாறுவது வானிலை அறிக்கையால். அதில் வரும் எண் பொதுவாகக் கடல் மட்டத்துக்கு மாற்றிச் சொல்லப்படுவது. மலையூரில் அதை வைத்துத் திருத்தினால் சென்சாரையே கெடுத்ததாகும். அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயம் முடியும் இடத்தின் உயரம் சுமார் 4,300 மீட்டர். அங்கே காற்றழுத்தம் 60 கிலோ பாஸ்கலை ஒட்டியே இருக்கும். மேனிஃபோல்டில் 200 இருந்தால் பூஸ்ட் 140. அதே 200 கடல் மட்டத்தில் வெறும் 99.

● ஒரு புள்ளியில் மட்டும் திருத்தினால் வோல்ட்–அழுத்தக் கோடு மேலோ கீழோ நகரும், அவ்வளவுதான். சாய்வு சரியா என்பது தெரிய இரண்டாவது புள்ளி வேண்டும். நம்பகமான கேஜ் பொருத்திய கைப்பம்பால் 100 கிலோ பாஸ்கல் ஏற்றி வோல்ட்டைக் குறியுங்கள். கேஜ் காட்டும் அளவோடு வளிமண்டல அழுத்தத்தைக் கூட்ட மறக்கக் கூடாது. நடுவே இன்னொரு புள்ளி எடுத்தால் நேர்கோட்டுத்தன்மையும் தெரிந்துவிடும்.

● வெளியீடு வழங்கு மின்னழுத்தத்தின் விகிதத்தில் மாறும். 5 வோல்ட் 4.9 ஆகக் குறைந்து, பதிவுக்கருவி மட்டும் 5 என்றே கணக்கிட்டால், உண்மையான 200 கிலோ பாஸ்கல் 196.2 என்று பதிவாகும். சென்சார் மேல் பழி போடுமுன் இதைப் பாருங்கள்.

● எர்த் இணைப்பில் 100 மில்லி வோல்ட் வேறுபாடு = 5 கிலோ பாஸ்கல் பிழை. ஆகவே சென்சாரின் எர்த் வயர் காரின் பாடிக்குப் போகாமல் பதிவுக்கருவியின் சென்சார் எர்த்துக்கே போக வேண்டும்.

● பதிவுக்கருவியின் 10 பிட் அனலாக்–டிஜிட்டல் மாற்றி: 1,024 படிகள், படிக்கு 4.88 மில்லி வோல்ட், ஏறத்தாழ 0.24 கிலோ பாஸ்கல். பூஸ்ட் பதிவுக்கு இது போதும்.

● சென்சாரின் குழாய் இணைப்பு த்ராட்டிலுக்குப் பின்னால், மேனிஃபோல்டில் இருக்க வேண்டும்.

● 250 கிலோ பாஸ்கல் சென்சார் கடல் மட்டத்தில் அளக்கக்கூடிய உச்ச பூஸ்ட் சுமார் 149 கிலோ பாஸ்கல், அதாவது 21.6 பி.எஸ்.ஐ. பதிவின் உச்சியில் கோடு தட்டையாக ஓடினால், பூஸ்ட் சீராக இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். சென்சார் தன் வரம்பை எட்டியிருக்கலாம். உள்ளே அழுத்தம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கக்கூடும்.