சின்னப் பெண்ணிடம் எதைச் சொல்வது?

உடம்புக்கு முடியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். மனசுக்கு முடியவில்லை என்றால் எங்கே போவது?

தூக்கம் வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. எந்த வேலையிலும் மனம் இல்லை. ‘ஒரே டென்ஷன்’ என்கிறோம். தலைவலி என்று சொல்லி மாத்திரை வாங்கி வருகிறோம். உள்ளே இருக்கும் பாரம் அப்படியே இருக்கிறது.

பேசிப் பேசியே இந்தப் பாரத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. அதன் பெயர் மன ஆலோசனை. கவுன்சலிங் என்றும் சொல்வார்கள். நாம் பேசுவதைக் கேட்டு, வழி தேட உதவுகிறவர் ஆலோசகர்.

நம் நாட்டில் மனநல டாக்டர்கள் மிகவும் குறைவு. இருப்பவர்களும் பெரும்பாலும் நகரங்களில்தான் இருக்கிறார்கள். அதனால் சில இடங்களில் உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுக்கிறார்கள். கோவா மாநிலத்தில் ‘சங்கத்’ என்ற தொண்டு நிறுவனம் இப்படிச் செய்தது. பள்ளிப் படிப்பு முடித்தவர்களைச் சேர்த்தார்கள். அவர்கள் மனநலப் படிப்பு படித்தவர்கள் இல்லை. முதலில் சில வாரம் வகுப்பு. பிறகு பல மாதம் நேரடிப் பழக்கம். அதாவது, கற்றுக்கொண்டே ஆலோசனை சொன்னார்கள்.

சரி, ஆலோசனைக்கு வருகிறவருக்கு இது எப்படி இருக்கும்?

கோவாவில் மீன் விற்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். வயது 45. கணவருக்குக் குடிப்பழக்கம். பல நாளாகத் தூக்கமில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார். டாக்டர் அவரைப் பக்கத்து அறைக்கு அனுப்புகிறார். அங்கே 25 வயதுப் பெண் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். “வாங்க மாவ்ஷி, உட்காருங்க” என்கிறார். மாவ்ஷி என்றால் அந்த ஊரில் சித்தி, பெரியம்மா.

மீன்காரப் பெண்ணின் மனதில் என்ன ஓடும்? ‘என் மகள் வயசு. கல்யாணம்கூட ஆகியிருக்காது. குடிகாரனோடு வாழ்வது இவளுக்கு என்ன தெரியும்? இதே ஊர்க்காரி வேறு. நாளைக்குச் சந்தை முழுக்கச் சொல்லிவிட்டால்?’

இந்தச் சந்தேகம் தப்பே இல்லை. நியாயமான சந்தேகம்.

அந்த இளம்பெண்ணுக்கும் பயம் உண்டு. பயத்தில் சிலர் கையில் உள்ள தாளையே பார்ப்பார்கள். ஒரு கேள்விக்குப் பதில் வரும் முன்னே அடுத்த கேள்வி கேட்பார்கள். எதிரில் இருப்பவர் அழுதால் பதறிப்போய், “அழாதீங்க, எல்லாம் சரியாயிடும்” என்பார்கள். கேட்க நல்ல வார்த்தைதான். ஆனால் அழுகிறவருக்கு அது எப்படிப் படும்? ‘இவளுக்குக் கேட்கப் பிடிக்கவில்லை’ என்றுதான் படும். வாயை மூடிக்கொள்வார். அடுத்த வாரம் வரமாட்டார்.

இன்னொன்றும் நடக்கும். வருகிறவர், “நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு” என்று கேட்பார். ஆலோசகரோ, “நீங்க என்ன நினைக்கிறீங்க மாவ்ஷி?” என்று திருப்பிக் கேட்பார். ‘ஒன்றும் தெரியாததால்தான் நம்மையே கேட்கிறாள்’ என்று தோன்றும். உண்மையில் அவருக்குக் கற்றுக்கொடுத்ததே அதுதான். உன் வழியை அவர் மேல் சுமத்தாதே, அவர் வழியை அவரே தேட உதவு என்று. இதை முதல் நாளே விளக்கிச் சொல்லிவிட்டால் பாதிக் கோபம் வராது. பலர் சொல்வதில்லை!

சின்ன வயது குறை மட்டும்தானா? இல்லை. பெரிய டாக்டர் முன்னால் நாம் கையைக் கட்டி நிற்கிறோம். நம் ஊர்ப் பெண்ணிடம், நம் பேச்சில் பேசலாம். அவருக்கு அவசரம் இல்லை. கோவாவில் ஒரு தடவைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். மொத்தம் 6 முதல் 8 தடவை. சுகாதார நிலையத்திலும் பேசினார்கள், வீட்டுக்குப் போயும் பேசினார்கள். நமக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்களும் பெரிய வாத்தியார்கள் இல்லையே!

பேச்சோடு வேலையும் உண்டு. மனம் சோர்ந்தால் பிடித்த காரியங்களை விட்டுவிடுகிறோம். கோயில், சர்ச், தோழி வீடு எல்லாம் நின்றுபோகும். அதில் ஒன்றை இந்த வாரம் திரும்பச் செய்யச் சொல்வார்கள். செய்யாமல் போனால்? ‘திட்டுவாளோ’ என்று கூச்சமாக இருக்கும். நல்ல ஆலோசகர் திட்டமாட்டார். எது தடுத்தது என்று கேட்பார்.

அங்கே பேச்சை ஒலிப்பதிவும் செய்தார்கள். மற்ற ஆலோசகர்களும் பயிற்சி தருபவரும் அதைக் கேட்டுத் திருத்துவார்கள். பதிவு செய்ய நம் சம்மதம் வேண்டும். ‘வேண்டாம்’ என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.

இதில் பலன் கிடைத்ததா? கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் சோதித்தார்கள். கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். 3 மாதம் கழித்துப் பார்த்தார்கள். ஆலோசனை பெற்றவர்களில் 100க்கு 64 பேர் அளவுக்குத் தேறியிருந்தார்கள். வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களில் 100க்கு 39 பேர். 2017இல் ‘லான்செட்’ என்ற மருத்துவ இதழில் இது அச்சாகி வந்தது. ஆலோசனை பெற்றும் தேறாதவர்கள் உண்டு என்பதையும் பாருங்கள். அவர்களுக்கு டாக்டர் தேவை. உயிரை விடும் எண்ணம் வருகிறவரையும் ஆலோசகர் உடனே டாக்டரிடம் சேர்க்க வேண்டும்.

நம் ரகசியத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அது. மனநலச் சிகிச்சை பெறுகிறவரின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில நிலைகளில் மட்டும் விலக்கு உண்டு.

ஆகவே ஆலோசகர் முன்னால் உட்கார்ந்ததும் தைரியமாகக் கேளுங்கள். “நீ பயிற்சியில் இருக்கிறாயா அம்மா? உனக்கு மேலே யார் இருக்கிறார்கள்? நான் சொல்வது யார் யாருக்குத் தெரியும்?” நேராகப் பதில் சொன்னால் பேசிப் பாருங்கள். மழுப்பினால் வேறு ஆளைக் கேளுங்கள். முதல் நாளே எல்லாவற்றையும் கொட்ட வேண்டும் என்பதில்லை.

நேரில் போக முடியாதவர்கள் போனில் பேசலாம். அரசின் ‘டெலி மானஸ்’ எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கினார்கள். பணம் கிடையாது. இரவிலும் பேசலாம். தமிழிலும் பேசலாம்.

குழுவில் பேசுங்கள்:

மீன்காரப் பெண் அழும்போது நீங்கள் அந்த அறையில் இருந்தால் என்ன சொல்வீர்கள்? ஒன்றும் சொல்லாமல் இருப்பீர்களா?

உங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் ஆலோசகர் இருக்கிறாரா? எந்தக் கிழமை வருகிறார்? கேட்டு வந்து கரும்பலகையில் எழுதுங்கள்.