‘ரூல் ஆப் தம்ப்’ என்னும் சொற்றொடரும் நெற்சாகுபடியும்

விவசாயத்தைப் பற்றிய ஆங்கில நூல்களிலும் அறிக்கைகளிலும் ‘ரூல் ஆப் தம்ப்’ என்னும் சொற்றொடர் அடிக்கடி வருகிறது. கட்டைவிரலால் அளத்தல் என்பது இதன் நேர்ப்பொருள். கருவியின்றி, அனுபவத்தால் அறிந்த எளிய கணக்கைக் கொண்டு வேலை செய்தல் என்பதே கருத்து. 17-ஆம் நூற்றாண்டிலேயே இது ஆங்கிலத்தில் வழங்கியது. பிரெஞ்சு மொழியில் கட்டைவிரலுக்கும் அங்குலத்திற்கும் ஒரே பெயர். நம் நாட்டாரும் விரற்கடை, சாண், முழம் என உடம்பைக் கொண்டே அளந்தனர்.

இதனை ‘மாமூல்’ என்று மொழிபெயர்ப்பது பொருந்தாது. முன்னோர் செய்தனர் என்பது ஒன்றே மாமூலுக்குக் காரணம். ‘குத்துமதிப்பு’ என்பதும் சரியன்று; அது வெறும் ஊகம். பலனைக் கண்டு பல போகங்களில் சோதிக்கப்பட்ட கணக்காதலின் ‘அனுபவக் கணக்கு’ என்பதே தகும்.

உப்புநீரில் விதைநெல் தெரிந்தெடுக்கும் முறையைக் காண்க. கோழிமுட்டை மேலெழுந்து சிறு நாணயமளவு வெளியே தெரியும் வரை நீரில் உப்பைக் கரைப்பர். அடர்த்தி அளக்கும் கருவியின் வேலையை முட்டை செய்துவிடுகிறது. ஆயினும் முட்டை புதியதாயிருத்தல் வேண்டும். கெட்ட முட்டை வெறும் நீரிலேயே மிதக்கும். அடியில் தங்கிய விதையை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவுதலும் அவசியம்.

நாற்றின் வயதிற்கும் ஓர் அனுபவக் கணக்கு உண்டு: பயிரின் மாதத்திற்கு ஒரு வாரம். நான்கு மாத நெல்லுக்கு நான்கு வார நாற்று. முதிர்ந்த நாற்றை நட்டால் தூர் கட்ட வேண்டிய காலம் நாற்றங்காலிலேயே கழிந்துவிடும். குறுகிய காலப் பயிருக்கே இதனால் நஷ்டம் அதிகம். மிக இளநாற்றோ, நீர் தேங்கிய வயலில் மூழ்கிப்போகும்.

அவ்வாறிருக்க, 1983-இல் மடகாஸ்கர் தீவில் ஹென்றி த லோலானியே என்னும் பாதிரியார் பதினைந்து நாள் நாற்றை நட்டு நற்பலன் கண்டார். திருந்திய நெல் சாகுபடி என்று இங்கே வழங்குவது அதிலிருந்து வந்ததே. இதனால் பழைய கணக்குப் பொய்யாகிவிடவில்லை. இம்முறையில் குத்துக்கு ஒரு நாற்றே நடுவர்; சுமார் 25 செண்டிமீட்டர் இடைவெளி விடுவர்; நீரைத் தேக்காது காயவிட்டுப் பாய்ச்சுவர். நாற்றை மட்டும் இளையதாக்கி, நீரை முன்போலவே தேக்கி வைப்பவர் பயிரை இழப்பர். ஆகவே நாற்றின் வயதைச் சொல்லும் உத்தியோகஸ்தர் நீர்ப்பாய்ச்சலையும் உடன் சொல்லுதல் வேண்டும்.

வாய்க்கால் நீர் தாமதித்து நாற்று முதிர்ந்துவிட்டால், சற்று நெருக்கி நட்டுக் குத்துக்கு நாற்றைக் கூட்டிக்கொள்வது நஷ்டத்தைக் குறைக்கும்.